மணல் காத்த வீடுகள்

புதுச்சேரியின் தமிழர் பகுதிக்கு வருகிறவர்கள் வீட்டு முகப்புகளைப் பார்த்து நிற்கிறார்கள். மரத்தூண் வைத்த தாழ்வாரம், திண்ணை, செதுக்கிய நிலைவாசல், மாடியில் பிரெஞ்சுப் பாணி ஜன்னல். படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். நான் அவர்களைக் கொஞ்சம் கீழே பார்க்கச் சொல்வேன். வாசலில் கருங்கல் படிகள் இருக்கும். மூன்று நான்கு படி ஏறித் திண்ணையை அடையும்படி கட்டிய வீடுகள் இவை. இப்போது பல வீடுகளில் ஒரு படிதான் மிச்சம். சிலவற்றில் அந்த ஒரு படியும் பாதி புதைந்துவிட்டது. இன்னும் சில வீடுகளுக்குள் போக ஏற வேண்டியதில்லை, இறங்க வேண்டும்.

வீடு புதையவில்லை, வீதி உயர்ந்திருக்கிறது. நம் ஊர்களில் ரோடு போடுவது என்றால் பழைய ரோட்டின்மேல் புது ரோடு போடுவது என்றே பொருளாகிவிட்டது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போட வேண்டும் என்பது விதி. எந்த இன்ஜினியரைக் கேட்டாலும் ஆமாம் என்பார். ஆனால் சுரண்டுவதற்குப் பணம், இயந்திரம், நேரம் எல்லாம் வேண்டும். மழைக்கு முன்னால் வேலையை முடிக்கச் சொல்லி அவசரம் வேறு. அதனால் மேலேயே ஊற்றிவிடுகிறார்கள். ஒரு முறைக்கு இரண்டு அங்குலம் என்று வையுங்கள். நான்கு முறையில் எட்டு அங்குலம், அதாவது சுமார் 20 சென்டிமீட்டர். 1901 முதல் 2018 வரை, ஒரு நூற்றாண்டுக்கும் மேலான காலத்தில், உலகக் கடல்மட்டம் சராசரியாக உயர்ந்த அளவும் ஏறக்குறைய இதுதான். கடல் நூறு வருஷத்துக்குமேல் எடுத்துக்கொண்ட உயரத்தை நம் வீதிகள் நான்கே டெண்டரில் எட்டிவிடுகின்றன.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், கடல் உயர்கிறது, பழைய கட்டடங்களை எப்படிக் காப்பது என்று யார் பேசத் தொடங்கினாலும் எல்லோருடைய கண்ணும் கட்டடத்தின்மேல் போகிறது. சுவரை எப்படிப் பலப்படுத்துவது, தரையை எப்படி உயர்த்துவது, எந்த ரசாயனம் பூசினால் தண்ணீர் ஏறாது. இந்தக் கேள்விகளெல்லாம் தேவையானவை. ஆனாலும் இவை இரண்டாம் கேள்விகள் என்பது என் எண்ணம். இந்த வீடுகளை இத்தனை காலம் காத்தவை அவற்றுக்கு வெளியே இருந்தன: தாழ்ந்த வீதி, ஓடுகிற வாய்க்கால், அகன்ற மணல். மூன்றையும் நாம் கெடுத்தோம். அவற்றை விட்டுவிட்டு வீட்டை மட்டும் காப்பாற்ற முடியாது.

தண்ணீர் வரும் என்று தெரிந்தே கட்டியவை இந்த வீடுகள். நடுவில் முற்றம். மழை நேரே முற்றத்தில் விழும். நான்கு பக்கத்துக் கூரையும் அதில்தான் வடிக்கும். முற்றத்தின் ஒரு மூலையில் சிறு மடை இருக்கும். அங்கிருந்து தரைக்கு அடியில், நடையை ஒட்டி, தண்ணீர் வீதிச் சாக்கடைக்குப் போய்விடும். எவ்வளவு பெய்தாலும் முற்றத்தில் கணுக்கால் அளவுக்குமேல் நிற்காது. இதற்கு மோட்டார் தேவையில்லை, மின்சாரம் தேவையில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான்: வீதி வீட்டைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். அந்த நிபந்தனை போன பிறகு அதே மடை எதிர்த்திசையில் வேலை செய்கிறது. வீதித் தண்ணீர் அந்த வழியாகவே வீட்டுக்குள் வருகிறது. ஐப்பசி பிறந்ததும் பழைய துணியையும் சிமெண்டுச் சாக்கையும் மடைக்குள் திணித்து, மேலே அம்மிக்கல்லைத் தூக்கி வைத்திருக்கும் முற்றங்களை நான் பார்த்திருக்கிறேன். மடையை அடைத்தால் வீதித் தண்ணீர் வராது. ஆனால் முற்றத்து மழைக்கும் போக வழியில்லை. அதை வாளியில் அள்ளி ஊற்ற வேண்டும். அந்த வீடுகளில் பெரும்பாலும் வயதானவர்கள்தான் இருக்கிறார்கள்.

அடுத்தது சுவர். இந்தச் சுவர்கள் சிறிய செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். பூச்சிலும் சுண்ணாம்புதான், கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துப் புளிக்கவைத்து அரைத்தது. கடலோரத்தில் நிலத்தடி ஈரத்தோடு உப்பும் சுவரில் ஏறும். ஏறிய ஈரம் சுண்ணாம்புப் பூச்சின் வழியே காற்றில் ஆவியாகிவிடும். உப்பு பூச்சின்மேல் வெள்ளையாகப் பூக்கும். சில வருஷத்துக்கு ஒருமுறை அந்தப் பூச்சைத் தட்டிவிட்டுப் புதிதாகப் பூசுவார்கள். செங்கல் தப்பிவிடும். தேய்வதற்கென்றே அமைந்த பூச்சு அது.

பழைய வீடுகளில் வேலை செய்கிற முதிய கொத்தனார் ஒருவர் ஒரு சுவரைக் காட்டினார். தரையிலிருந்து இடுப்புக்குமேல் வரை யாரோ சிமெண்டு பூசியிருந்தார்கள், ஓதத்தைத் தடுப்பதற்காக. சிமெண்டு வழவழவென்று அப்படியே இருந்தது. அதற்கு மேலே, சிமெண்டு முடிந்த இடத்தில், சுவர் நீளத்துக்கும் ஒரு சாண் அகலத்துக்குக் காரை பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. கரண்டியின் முனையால் லேசாகத் தொட்டார். செங்கல்லே மாவாகக் கொட்டியது. “நாலடிக்கு சிமெண்ட் அடிச்சா உப்பு எங்க போவும் தம்பி? அஞ்சாவது அடிக்கு ஏறும். இன்னும் மேல அடிச்சா இன்னும் மேல ஏறும். உத்திரத்தத் தொட்டுட்டுதுன்னா அப்புறம் என்னாலயும் ஒண்ணும் பண்ண முடியாது” என்றார்.

உத்திரத்தைத் தொட்டால் என்ன ஆகும்? இந்த வீடுகளின் மாடி மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரங்களின்மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கி, சுண்ணாம்பு வைத்து, மேலே செங்கல் ஜல்லியும் தளக்கல்லும் போட்டது. உத்திரத்தின் இரு முனைகளும் சுவருக்குள் புதைந்திருக்கும். சுவர் ஈரமாகவே இருந்தால் அந்த முனைகள் உள்ளுக்குள் மக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. ஒரு பெருமழையில் தளம் தண்ணீரை உறிஞ்சிக் கனக்கும். அன்றைக்கு விழும். அலை வந்து அடித்து ஒரு பழைய வீடு விழும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நடப்பது அப்படி இல்லை. கடல் உயரும்போது அதன் உப்பு முதலில் நிலத்தடி வழியாக, கிணறு வழியாக, சுவரின் அடிவாரம் வழியாக வருகிறது. நாம் ஆழ்துளைக் கிணறு போட்டு நன்னீரை உறிஞ்ச உறிஞ்ச இன்னும் வேகமாக வருகிறது.

2014 நவம்பர் 29 அன்று கடற்கரைச் சாலையில் மேரி கட்டடம் இடிந்து விழுந்தது. பிரெஞ்சுக்காரர்கள் 1870களின் தொடக்கத்தில் கட்டிய நகராட்சி மன்றம் அது. அன்று புயல் இல்லை, பேரலை இல்லை, மழைதான். பல வருஷம் கவனிக்காமல் விட்ட கூரையில் இறங்கிய மழை. பிறகு உலக வங்கி உதவியோடு, அதே தோற்றத்தில், புதிதாகக் கட்டி 2021இல் திறந்தார்கள். நன்றாகவே கட்டியிருக்கிறார்கள். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: அது அந்தக் கட்டடம் அல்ல, அதன் உருவம். விழுவதற்கு முன்னால் அதன் மொட்டைமாடியை ஒழுங்காகப் பழுது பார்த்திருந்தால் செலவாகியிருக்கும் பணத்தையும் திருப்பிக் கட்டியதற்கு ஆன பணத்தையும் ஒருகணம் பக்கத்தில் வைத்து யோசித்துப் பார்க்கலாம். மேரிக்காவது அரசும் உலக வங்கியும் இருந்தன. ஐந்தாறு வாரிசுகளுக்குள் பாகம் பிரியாமல் கிடக்கிற ஒரு வீட்டுக்கு, தமிழர் பகுதியின் வைசியாள் வீதியில் இருப்பதற்கு, யார் இருக்கிறார்கள்?

வைசியாள் வீதியைச் சொல்லும்போது அங்கே நடந்த நல்லதையும் சொல்ல வேண்டும். 2000களின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு, மரபுரிமைக் காப்பு அமைப்பான இன்டாக் முன்னின்று, அந்த வீதியின் ஒரு பகுதியில் வரிசையாக வீட்டு முகப்புகளைச் சீர்செய்தார்கள். பெயர்த்தெறிந்த தாழ்வாரங்களைத் திரும்ப வைத்தார்கள். வீட்டுக்காரர்களும் செலவில் பங்கு போட்டார்கள். 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமை விருது கிடைத்தது. ஒரு வீட்டை அல்ல, ஒரு வீதியைக் காக்க முடியும் என்று காட்டிய வேலை அது. எனக்கு அதில் ஒரே ஒரு ஏக்கம்: அந்த யோசனை வீதியின் முகத்தோடு நின்றுவிட்டது. வீதியின் உயரத்துக்கு, சாக்கடைக்கு, அதற்கப்பால் வாய்க்காலுக்கு அது போகவேயில்லை.

வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள் என்று அடிக்கடி கேட்பதுண்டு. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் நியூபோர்ட் என்று ஒரு துறைமுக ஊர். அதில் ‘தி பாயிண்ட்’ என்ற பகுதியில் நிறையப் பதினெட்டாம் நூற்றாண்டு வீடுகள், தண்ணீரை ஒட்டித் தாழ்வான இடத்தில். அங்கே பழைய வீடுகளைப் பராமரிக்கும் நியூபோர்ட் ரெஸ்டோரேஷன் ஃபவுண்டேஷன் 2016இல் இதற்கென்றே ஒரு மாநாடு கூட்டியது. அதன் பொறுப்பில் உள்ள, 1725 வாக்கில் கட்டிய ஒரு வீட்டை முன்மாதிரியாக எடுத்துக்கொண்டு, எதைச் செய்யலாம் எதைச் செய்யக்கூடாது என்று வெளிப்படையாக விவாதித்தார்கள். அங்கே ஒரு வழி உண்டு. வீடுகள் மரச்சட்டத்தில் நிற்பவை. ஜாக்கி வைத்து வீட்டை அப்படியே தூக்கி, அடித்தளத்தை உயர்த்தி, திரும்ப இறக்கி வைக்கலாம். அதிலும் சிக்கல் இருக்கிறது. ஒரு வீடு உயர்ந்து பக்கத்து வீடு உயராமல் நின்றால் வீதி வீதியாக இருக்காது. வாசலில் நின்று பேசியவர்கள் அண்ணாந்து பேச வேண்டும். இருந்தாலும் அவர்களுக்கு அந்த வழி திறந்திருக்கிறது.

நமக்கு அது கிடையாது. வைசியாள் வீதி வீடுகள் ஒன்றோடொன்று பொதுச்சுவரில் ஒட்டி நிற்பவை. செங்கல்லும் சுண்ணாம்பும். ஒன்றைத் தூக்கினால் இரண்டு பக்கமும் விழும். வீட்டுக்குள் தரையை மட்டும் உயர்த்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஒன்றரை அடி மண் கொட்டி டைல்ஸ் போடுகிறார்கள். நிலைவாசல் குள்ளமாகிறது, ஜன்னல் முட்டிக்கு வருகிறது, முற்றம் குழியாகிறது. கொட்டிய மண்ணின் ஈரம் முழுவதும் சுவருக்குப் போகிறது. அடுத்த முறை ரோடு போடும்போது அந்த ஒன்றரை அடியும் போதாமல் போகிறது. ஆகவே, எப்படிப் பார்த்தாலும் வெளியே போகத்தான் வேண்டும். வெளியே போனால் கடைசியில் மணலில் வந்து நிற்போம்.

சோழமண்டலக் கரையில் மணல் ஓர் இடத்தில் இருப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் அலைகள் அதைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் திரும்ப வரும். மொத்தக் கணக்கில் வடக்கே போவதுதான் அதிகம், வருஷத்துக்குச் சில லட்சம் கன மீட்டர். புதுச்சேரிக் கடற்கரை அப்படி வழிப்போக்காக வந்து தங்கிப் போன மணலால் ஆனது. 1980களின் பிற்பாதியில் ஊருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில், துறைமுகம் கட்டிக் கடலுக்குள் கல் நீட்டினார்கள். மணல் தெற்கே தேங்கியது. துறைமுக வாய் தூர்ந்தது. வடக்கே வர வேண்டிய மணல் வரவில்லை. தேங்கும் மணலை இறைத்து வடக்கே விடுவதற்குத் திட்டத்திலேயே ஏற்பாடு இருந்தது. அது தொடர்ந்து நடக்கவில்லை. சில வருஷங்களில் கடற்கரைச் சாலையின் முன்னால் மணலே இல்லை. காந்தி சிலைக்குக் கீழே அலை நேரே கல்லில் அடித்தது. மணலில் ஓடி விளையாடிய தலைமுறைக்குப் பின்னால், கடற்கரை என்றால் கருங்கல் குவியல் என்று நம்பிய ஒரு தலைமுறை வளர்ந்தது.

அந்தக் கல்லைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்தபோது நகரின் நடுப்பகுதி தப்பியது அந்தக் கல் அரணால்தான் என்று ஊரில் பலரும் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் கல் அரண் மணலைக் கொண்டுவருவதில்லை. கல் முடிகிற இடத்தில் அரிப்பு தொடங்குகிறது. அங்கேயும் கல் போட்டால் அதற்கடுத்த இடத்தில். குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலைநகர் என்று வடக்கே நகர்ந்து, புதுச்சேரி எல்லை தாண்டி, தமிழ்நாட்டின் தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் வரை அது போயிருக்கிறது. வீடுகள் விழுந்தன. தென்னைகள் வேரோடு சாய்ந்தன. கரைவலை இழுக்க மணல் வேண்டும், மணல் போனதால் கரைவலையும் போனது. கட்டுமரத்தை ஏற்றி வைக்கக்கூட இடமில்லாமல் தெருவுக்குள் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

பழைய கட்டடங்களை நேசிக்கிறவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும் என்று மன்றாடிக் கேட்கத் தோன்றுகிறது. மேரியும் பழைய கலங்கரை விளக்கமும் சுங்க அலுவலகமும் கல்லுக்குப் பின்னால் கடலிடமிருந்து பத்திரமாக இருந்தன. அந்தப் பத்திரத்தின் விலையை வடக்கே இருக்கிற மீனவர்கள் கொடுத்தார்கள். வைத்திக்குப்பம் மரபுக் கட்டடங்களின் பட்டியலில் இல்லை. அங்கே விழுந்த வீடுகளுக்கு வளைவுகளோ தூண்களோ இருந்ததில்லை. ஓலையும் ஓடும் பிறகு கான்கிரீட்டும்தான். ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் வருவதற்கு முன்பிருந்தே இந்தக் கரையில் மீன்பிடிப்பவர்கள் வாழ்ந்திருக்கிறார்கள். எந்த வீதி பழமையானது என்று கேட்டால் குப்பத்தின் மணல் வழிக்கும் ஒரு பதில் உண்டு. சுவர் நிலைத்திருந்தால்தான் வரலாறு என்று வைத்துக்கொண்டால், சுவர் கட்ட வசதி இல்லாதவர்களுக்கு வரலாறு இல்லை என்றாகிவிடும். அதை நான் ஏற்க மாட்டேன்.

மணல் திரும்ப வரும் என்பதையும் நாம் கண்ணால் பார்த்தோம். தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கு அடியில் ஒரு செயற்கைத் திட்டு அமைத்தது. ஆப்பு வடிவில் பெரிய எஃகுப் பெட்டி ஒன்றை இறக்கி நிரப்பினார்கள். அலை அதில் உடைந்து வேகம் குறைகிறது, மணல் படிகிறது. 2018க்குப் பிறகு, முப்பது வருஷம் காணாமல் போயிருந்த கடற்கரை அங்கே மெல்ல உருவானது. மாலையில் பிள்ளைகள் திரும்பவும் மணலில் ஓடினார்கள். அதைப் பார்க்க எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. வடக்கே குப்பங்களில் அரிப்பு நிற்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. கிடைத்த மணல் சுற்றுலாப் பயணிகள் நிற்கிற இடத்தில் கிடைத்தது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்குமேல் மழை. கிருஷ்ணா நகரில் ராணுவம் படகில் போய் ஆட்களை மீட்டது. இந்த மழையைப் பற்றிப் பேசும்போது கடல்மட்டத்தை யாரும் சேர்த்துப் பேசுவதில்லை. ஊரின் வாய்க்கால்கள், நகரை இரண்டாகப் பிரிக்கிற பெரிய வாய்க்கால் உட்பட, கடைசியில் கடலில்தான் வடிய வேண்டும். கடல் உயர்ந்து நிற்கிற நேரத்தில் வாய்க்கால் வடியாது. இன்றைக்குப் புயல் நாளில் சில மணி நேரம் நடக்கிற இது, கடல்மட்டம் உயர உயரச் சாதாரண மழை நாளிலும் நடக்கும். நாம் எல்லாவற்றையும் சரியாகச் செய்தால்கூட இந்த நூற்றாண்டின் முடிவில் உலகக் கடல்மட்டம் 28 முதல் 55 சென்டிமீட்டர் வரை உயரலாம், செய்யாவிட்டால் 1 மீட்டரை எட்டலாம் என்பது ஐ.நா.வின் பருவநிலைக் குழுவின் கணக்கு. சரிவை நம்பி ஓடுகிற வாய்க்காலுக்கு அரை மீட்டர் என்பது உயிர்ப்பிரச்சினை. பெரிய வாய்க்காலை மேலே மூடி வண்டி நிறுத்தும் இடமாக்கலாம் என்று யோசிப்பவர்கள் எந்த ஊரிலும் இருப்பார்கள். மூடிய வாய்க்காலில் என்ன அடைத்திருக்கிறது என்று வெள்ளம் வந்தபிறகுதான் தெரியும்.

எல்லாவற்றையும் காப்பாற்றிவிட முடியும் என்று நான் நினைக்கவில்லை. தரங்கம்பாடியில் பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் கிழக்குப் பகுதியைக் கடல் எடுத்துக்கொண்டது. எஞ்சியதைக் காக்கத்தான் கல் கொட்டியிருக்கிறார்கள். சில வீடுகள் போகும். போவதற்கு முன்னால் அவற்றை அளந்து வரைந்து வைக்கலாம். உத்திரத்தையும் தூணையும் கதவையும் பெயர்த்து, நிற்கப்போகிற வீட்டுக்குக் கொடுக்கலாம். எது நிற்கப் போகிறது என்று வீதிக்காரர்களைக் கூட்டிவைத்துப் பேசி முடிவெடுக்கலாம். மழை முடிவெடுக்க விட்டுவிடுவது மேரியில் செய்த தவறு.

துறைமுகம் ஒரு துறைக்கு, வீதி இன்னொரு துறைக்கு, வாய்க்கால் வேறொன்றுக்கு, மரபுக் கட்டடம் ஒரு குழுவுக்கு, குப்பம் மீன்வளத் துறைக்கு, சோலைநகரைத் தாண்டியதும் கரை தமிழ்நாட்டுக்கு. வைசியாள் வீதி வீட்டுக்காரர் மடைக்குள் துணி திணிப்பதும் தந்திராயன்குப்பத்துக்காரர் படகைத் தெருவில் நிறுத்துவதும் ஒரே மேசையில் பேசப்பட்டதில்லை. பேச ஆரம்பிப்பதற்குப் புதிதாக எந்த ஆராய்ச்சியும் வேண்டாம். தமிழர் பகுதியில் அடுத்த முறை ரோடு போடும்போது பழைய தாரைச் சுரண்டி, முதல் கருங்கல் படி முழுதாகத் தெரிகிற மட்டத்துக்கு வீதியை இறக்கச் சொல்லி டெண்டரிலேயே எழுத வேண்டும். துறைமுக வாயைத் தூர் வாரும் ஒவ்வொரு முறையும் அந்த மணலை வடக்கே கொட்ட வேண்டும். சில முறை கடற்கரைச் சாலைக்கு முன்னால் கொட்டியிருக்கிறார்கள். அங்கேயே நின்றுவிடாமல் குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலைநகர் என்று போய், எல்லையையும் தாண்டித் தந்திராயன்குப்பம் வரை அது போய்ச் சேர வேண்டும். துறைமுகம் நிறுத்தி வைத்திருக்கிற மணலில் அவர்களுக்குச் சேர வேண்டிய பங்கு அது.